மதுரையில் ரக்பி நாக்அவுட் நடத்தப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்கவும்

கபடிக்கு நாக்அவுட் நடத்துவதென்றால் நம் பக்கம் ஊருக்கு நாலு பேர் வழி சொல்ல இருக்கிறார்கள். மைக்செட்காரரே பாதிப் போட்டியை நடத்திக் கொடுத்துவிடுவார். ரக்பிக்கு அப்படி யாரும் இல்லை. 2025இல் மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீக் கோப்பையைச் சென்னை புல்ஸ் வாங்கிய பிறகு, உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கபடிப் பையன்கள் கூட நீள்பந்தைத் தூக்கிக்கொண்டு திரிய ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த உற்சாகத்தில் தென்மாவட்ட மன்றங்களைச் சேர்த்து ஒருநாள் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) கோப்பை ஒன்றை ஆகஸ்ட் மாதம் நடத்தினேன். கூட நிற்பதாகச் சொன்ன நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். செலவு 1,11,900 ரூபாய், வரவு 47,000, மீதி என் கைக்காசு. பணம் போனதைவிட, அன்றைக்கு எழுந்த சண்டைகளில் பாதிக்கு மேல் முந்தைய வாரமே ஒரு தாளில் நாலு வரி எழுதி வைத்திருந்தால் எழவே எழுந்திருக்காது என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அடுத்து நடத்துகிறவர் யாராக இருந்தாலும் அவருக்காக நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தேதி. சென்னை நண்பர் ஒருவர் சித்திரைத் திருவிழா வாரத்தில் வைக்கச் சொன்னார், கூட்டம் தானாக வரும் என்றார். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் மதுரையில் லாட்ஜில் ரூம் கிடைக்குமா, அழகர்கோவில் ரோட்டில் வண்டிதான் நகருமா என்று யோசிக்கிறவர் அப்படிச் சொல்ல மாட்டார். பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. போலீஸ், டாக்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் அங்கே இருக்கும். மார்ச், ஏப்ரல் தேர்வு. மே மாதம் கத்திரி. அக்டோபரிலிருந்து மழை. மிஞ்சுவது ஜனவரிக் கடைசி, பிப்ரவரி, இல்லாவிட்டால் ஜூலை, ஆகஸ்ட். நான் ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வார இறுதியை எடுத்தேன். லீவு கிடைக்கும் என்பது சரிதான், ஆனால் அந்த வாரம் பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்காது. சென்னையிலிருந்து வர வேண்டிய நடுவர்கள் ஆம்னி பஸ்ஸில் வந்தார்கள். மூன்று நடுவர்களுக்குப் பயணம், தங்கல், சன்மானம் எல்லாம் சேர்த்து 16,500 ஆனது. பிப்ரவரி என்றால் இதில் கணிசமாக மிச்சம் பிடிக்கலாம். மாலை இடியும் இருக்காது. இடிக் கதை பின்னால் வருகிறது.

அடுத்தது மைதானம். ஏழு பேர் ஆட்டம்தானே, சின்ன இடம் போதும் என்று நினைக்க வேண்டாம். செவன்ஸும் பதினைந்து பேர் ஆடும் அதே மைதானத்தில்தான்: கோல் கோட்டுக்குக் கோல் கோடு 100 மீட்டர், அகலம் 70, அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் டிரை வைக்கிற இடம், அதாவது பந்தைக் கொண்டுபோய்த் தரையில் அழுத்திப் புள்ளி எடுக்கிற இடம், குறைந்தது 6 மீட்டர். நம்மூர்க் கல்லூரி மைதானங்கள் பெரும்பாலும் கால்பந்துக்கு அளந்தவை, நீளம் இடிக்கும். உள்ளதற்குள் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம், ஆனால் டிரை இடத்தைச் சுருக்கக் கூடாது. ஓடி வருகிறவன் அங்கேதான் பாய்ந்து விழுவான். அதற்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவரோ கான்கிரீட் காலரியோ இருந்தால் அந்த மைதானமே வேண்டாம்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் செம்மண் தரை சிமெண்டுத் தளம் மாதிரி இருக்கும். சோதித்துப் பார்க்க ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் போதும். உள்ளங்கையால் அழுத்தினால் பாதிக்கு மேல் இறங்க வேண்டும். நுனி மட்டும் இறங்கி நின்றுவிட்டால் அந்தத் தரையில் டேக்கிள் ஆட்டம், அதாவது ஓடுகிறவனைப் பிடித்துத் தரையில் சாய்க்கிற ஆட்டம், ஆடவிடக் கூடாது. 7,000 சதுர மீட்டருக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்று கணக்குப் போட்டால் 35,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி மூன்று நடை. நடைக்கு 2,000 வாங்கினார்கள். எப்போது ஊற்றுகிறோம் என்பதுதான் முக்கியம். போட்டி அன்று காலையில் ஊற்றினால் மேலே சேறு, அடியில் பாறை. கால் வழுக்கும், விழுந்தால் அடியும் படும். இரண்டு நாள் முன்பு மாலை இரண்டு நடை, முந்தின நாள் மாலை ஒரு நடை என்று விட்டால் ராத்திரி முழுக்க ஊறி காலையில் பதமாக இருக்கும். கரிசல் தரை என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் நீர் பட்டால் காலணியில் ஒட்டிக்கொண்டு நடக்கவே விடாது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே ஆள் வைத்து நெருஞ்சியைப் பிடுங்கிவிட வேண்டும். ஓரங்களில் படர்ந்திருக்கும், மஞ்சள் பூவைப் பார்த்து அடையாளம் தெரியும். செடியைப் பிடுங்கினால் மட்டும் போதாது, காய்ந்து உதிர்ந்த முள் மண்ணோடு கலந்து கிடக்கும். ஈரச் சாக்கைத் தரையோடு இழுத்துப் போனால் அதில் குத்திக்கொண்டு வரும். எங்கள் மைதானத்தில் ஒரு பக்கக் கோட்டோரம் மட்டும் இழுத்ததில் சாக்கு முள்ளம்பன்றி போல ஆகிவிட்டது.

கோடு போடச் சுண்ணாம்பு வாங்கி வைத்திருந்தார் கிரவுண்டுப் பொறுப்பாளர். கிரிக்கெட்டுக்கு அது பரவாயில்லை. இங்கே முகம் தரையில் உரசும், கண்ணிலும் சிராய்ப்பிலும் பட்டால் வெந்துபோகும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெள்ளைக் கோலமாவு, அந்தக் கல்மாவுதான், 25 கிலோ மூட்டை ஆறு வாங்கினோம். பக்கக் கோடு, கோல் கோடு, 22 மீட்டர்க் கோடுகள், நடுக்கோடு, டிரை இடத்தின் எல்லை எல்லாம் சேர்த்து 700 மீட்டருக்கு மேல் வரும், ஆறு மூட்டை சரியாக இருந்தது. மதியம் ஒருமுறை மேலே பூச இன்னும் ஒன்று கையிருப்பு வேண்டும்.

கோல் கம்பத்துக்குப் போன பணம்தான் அதிகம், 22,000. வாடகைக்குத் தருகிற ஆள் இந்தப் பக்கம் கிடைக்கவில்லை, வெல்டிங் பட்டறையில் செய்யச் சொன்னேன். இரண்டு கம்பத்துக்கு நடுவே 5.6 மீட்டர், குறுக்குக் கம்பி தரையிலிருந்து 3 மீட்டர் உயரம், கம்பம் 3.4 மீட்டருக்கு மேல். பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி: “தம்பி, இந்த அளவு உள்ளுக்கு உள்ளா, சென்டருக்கு சென்டரா?” உள்ளுக்கு உள்தான் என்பதைத் தாளில் படம் போட்டு எழுதிக் கொடுங்கள். இரண்டரை இஞ்ச் ஜிஐ பைப், 6 மீட்டர் நீளத்தில் வரும்; ஒரு மீட்டர் மண்ணுக்குள் போனாலும் மேலே 5 மீட்டர் நிற்கும். குறுக்குக் கம்பியை வெல்டு வைத்துவிட்டால் பிறகு எங்கும் தூக்கிப் போக முடியாது. கிளாம்ப் போட்டு போல்ட் முடுக்குவதுதான் சரி. குட்டியானையில் 6 மீட்டர் பைப்பை ஏற்றினால் பின்னால் வாலாக நீட்டிக்கொண்டு நிற்கும், ரிங் ரோட்டில் நிறுத்தி ஃபைன் போட்டார்கள். ஒவ்வொரு பைப்பையும் மூன்று மூன்று மீட்டராக வெட்டி உள்ளே ஸ்லீவ் கொடுத்து இணைக்கச் சொல்லியிருக்கலாம். கல்லூரியில் கான்கிரீட் போட விட மாட்டார்கள் என்பதால், கொஞ்சம் பெரிய பைப்பைக் குழியில் இறக்கி, சுற்றிலும் முக்கால் ஜல்லி போட்டு இடித்து, அதற்குள் கம்பத்தைச் சொருகினோம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கிற ஊர், ஜல்லியைக் கையால் தள்ளி நிரப்பாமல் கடப்பாரைப் பின்பக்கத்தால் இடிக்க வேண்டும். கம்பத்தைச் சுற்றி மெத்தைக் கடையில் சொல்லி நாலு இஞ்ச் ஃபோம், மேலே ரெக்சின், ஆள் உயரத்துக்கு. இதுவும் ரக்பி ஆட்டச் சட்டத்தில் இருக்கிறது: அந்த உறை கோல் கோட்டிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் துருத்தக் கூடாது.

இனி லாட்ஸ், அதாவது யாருக்கு யார் எதிராளி என்று குலுக்கிப் போடுவது. முன்பணம் வாங்காமல் பதிவு செய்தேன், நுழைவுக் கட்டணம் 3,000. 11 அணிகள் பெயர் கொடுத்தன. நாக்அவுட் அட்டவணையின் 16 இடத்தில் 11 போக 5 அணிக்குப் ‘பை’ (bye), அதாவது முதல் சுற்று ஆடாமலே கால் இறுதி; முதல் சுற்றில் 3 ஆட்டம்; கால் இறுதியில் எட்டு. காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. கால் இறுதியில் நாலு ஆட்டம், பை வாங்கிய அணி ஐந்து. அப்படியென்றால் ஏதோ ஒரு கால் இறுதியில் பை வாங்கிய இரண்டு அணிகள்தான் மோதியாக வேண்டும். போட்டிக்கு முந்தின இரவு இரண்டு அணிகள் வரவில்லை என்று வாட்ஸப்பில் செய்தி போட்டன. அதில் ஒன்று சரியாக அந்த ஜோடியில் ஒன்று. விளைவு, ஓர் அணி காலைக்கூட நனைக்காமல் அரை இறுதிக்குப் போய்விட்டது. மற்றவர்கள் விடியற்காலை ஆறு மணிக்கே என்னைச் சுற்றிக்கொண்டார்கள். மறுபடி லாட்ஸ் போடு என்று பாதிப் பேர், போடக் கூடாது என்று பாதிப் பேர். லாட்ஸ் போட்ட பின் மாற்றமில்லை, வராத அணியின் எதிராளிக்கு வாக்ஓவர், அதாவது ஆடாமலே வெற்றி என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் பேச்சே எழாது. கட்டணம் முழுவதும் லாட்ஸுக்கு முன்பே கைக்கு வர வேண்டும், பின்வாங்கினால் திருப்பித் தருவதில்லை. அணிகளின் எண்ணிக்கையை 12இல் நிறுத்துவது நல்லது. 4 பை, ஒவ்வொரு கால் இறுதியிலும் ஒன்றுதான் வரும், ஒருவர் விலகினாலும் யாரும் சும்மா அரை இறுதிக்குப் போக மாட்டார்கள். பதினொன்றாகத்தான் அமைகிறது என்றால் உள்ளூர்ப் பையன்களைத் திரட்டிப் பன்னிரண்டாவதாக ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது மனக்கசப்பு தோற்றவர்களுடையது. திருநெல்வேலிப் பக்கமிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்த அணி ஆறரை மணி ஆட்டத்தில் தோற்றது. ஏழு ஏழு நிமிடம், நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. ஏழு மணிக்கு முன்பே அவர்கள் போட்டி முடிந்தது. “இதுக்காண்ணே இவ்வளவு தூரம் வந்தோம்” என்று கேட்டபோது பதில் இல்லை. தோற்றவர்களுக்கென்று இரண்டாவது கோப்பை ஒன்று இருந்தே ஆக வேண்டும். ஆனால் நேரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். 16 நிமிட ஆட்டத்துக்கு உண்மையில் 25 நிமிடம் பிடிக்கும், அடி, டாஸ், ஜெர்ஸி மாற்றம் எல்லாம் சேர்த்து. காலை ஆறரை முதல் பத்து வரை, பிறகு வெயிலுக்கு நிறுத்திவிட்டு மாலை மூன்றே முக்கால் முதல் ஆறே கால் வரை. மொத்தம் 360 நிமிடம், 14 ஆட்டம் அடங்கும். 12 அணிகளுக்குப் பிரதான கோப்பை 11 ஆட்டம். மீதி மூன்று. முதல் சுற்றில் தோற்ற நாலு பேருக்கு இரண்டு அரை இறுதி, ஓர் இறுதி என்று அது கச்சிதமாகப் பொருந்தும். கால் இறுதியில் தோற்றவர்களையும் சேர்க்கலாம் என்று ஆசைப்பட்டால் ஒரே மைதானத்தில் நடக்காது.

கோட்டு நடுவர்களுக்கும் அந்தத் தோற்ற அணிகளைத்தான் நம்பியிருந்தேன். தோற்றவர்கள் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா சாப்பிடப் போய்விட்டார்கள். கட்டணத்தோடு ஆயிரம் ரூபாய் கட்டுத்தொகை வாங்கி, ஓர் ஆட்டத்துக்குக் கொடி பிடித்தபின் திருப்பிக் கொடுத்தால் ஆள் இருப்பார்கள்.

வெளியூர் ஆள் இறக்குவது கபடியிலிருந்து வந்த வழக்கம், இங்கேயும் வந்தது. ஓர் அணிக்குக் காலையில் ஆடித் தோற்ற பையன் மாலையில் வேறு ஜெர்ஸியில் நின்றான். 12 பேர் பட்டியல், ஆதார் நகல், முதல் ஆட்டத்தின் டாஸோடு பட்டியல் மூடல், ஒருவருக்கு ஒரே அணி: இந்த நாலும் விதித்தாளில் இருக்கட்டும். கபடிப் பையன்கள் டேக்கிளில் சூரர்கள், பயமே இல்லை. ஆனால் கணுக்காலைக் குறிவைத்துப் பாயும்போது தலையை ஓடுகிறவனின் முழங்காலுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். தலை எப்போதும் அவனுக்குப் பின்பக்கம், கன்னம் அவன் இடுப்போடு ஒட்டி இருக்க வேண்டும். இதைக் காலையில் எல்லாக் கேப்டன்களையும் கூட்டி நடுவரே செய்து காட்டினால் பாதி அடி குறையும். நாங்கள் அதைச் செய்தும் ஒரு கால் இறுதியில் ஒரு பையனுக்கு முழங்கால் நெற்றிப் பொட்டில் பட்டுவிட்டது. எழுந்து நின்றான், ஸ்கோர் என்ன என்று கேட்டான், சொன்னேன், அரை நிமிடத்தில் திரும்ப அதையே கேட்டான். அவ்வளவு போதும், அவன் அன்று ஆடக் கூடாது. கேப்டன் விடவில்லை: “அண்ணே, நல்லாத்தான் இருக்கான், அரை இறுதிக்கு இறக்கிக்கிறோம்ணே.” நல்ல வேளையாக இது ஒன்று மட்டும் விதித்தாளில் தெளிவாக இருந்தது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே வெளியே, அன்று திரும்ப இறங்குவதில்லை. உலக ரக்பி அமைப்பு 2023இல் சொன்னபடி நம் போன்ற அமெச்சூர் ஆட்டக்காரர் குறைந்தது 21 நாள் கழித்துத்தான் போட்டிக்குத் திரும்பலாம். பையனை ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பினோம், கூடவே ஓர் ஆளையும். தலையில் அடிபட்டவனைத் தனியாக அனுப்பக் கூடாது, ராத்திரி தனியாகப் படுக்கவும் விடக் கூடாது.

அதற்குத்தான் ஆம்புலன்ஸ். 108ஐ மைதானத்தில் நிறுத்தி வைக்க முடியாது, அது அழைத்தால் வருவது. தனியார் வண்டிக்கு நாள் முழுக்க 6,000 கொடுத்தேன். பேசும்போதே நர்ஸ் உண்டா, கழுத்துப் பட்டை உண்டா, முதுகெலும்புப் பலகை உண்டா என்று கேட்டு, காலையில் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வண்டி வெளியே போய்விட்டால் திரும்பி வரும்வரை ஆட்டம் நிற்கும் என்பதையும் அணிகளிடம் சொல்லி வைக்க வேண்டும். குழு விபத்துக் காப்பீடு எடுப்பதென்றால் எல்லார் பெயரும் வயதும் முன்கூட்டியே கேட்பார்கள், கடைசி நேரப் பட்டியலோடு அது ஒத்துவராது. தண்ணீர் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்று வையுங்கள், இருபது லிட்டர் கேன் நாற்பது. ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டருக்கு ஒன்று என்றுதான் கலக்க வேண்டும், அரை பாக்கெட்டில் சிக்கனம் பிடித்தால் பலன் இல்லை.

அரை இறுதியில் 15க்கு 15 என்று சமனில் முடிந்தது ஓர் ஆட்டம். ஒருவர் மூன்று டிரை வைத்து, ஒன்றையும் உதைத்துப் புள்ளியாக்காமல் விட்டிருந்தார்கள். மற்றவர் இரண்டு டிரை (ஒன்றுக்கு 5 புள்ளி), டிரைக்குப் பின் உதைக்கிற கன்வெர்ஷன் ஒன்று (2), எதிரணித் தவறுக்குக் கிடைக்கிற பெனால்டி உதை ஒன்று (3). மூன்று டிரைக்காரர்கள் ஜெயித்ததாகவே கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். நடுவர் செவன்ஸ் சட்டப்படி கூடுதல் நேரம், ஐந்து ஐந்து நிமிடம், முதலில் புள்ளி எடுப்பவர் வெற்றி என்றார். எடுத்தது இரண்டு டிரை அணி. அதற்குப் பிறகு இருபது நிமிட வாக்குவாதம். நடுவர் சொன்னது சரி, ஆனால் அது எங்கள் விதித்தாளில் இல்லை, அதுதான் அவர்கள் பிடித்துக்கொண்ட பிடி. இந்தத் தகராறு செவன்ஸ் பிறந்த அன்றே வந்ததுதான். 1883இல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸில் கசாப்புக் கடைக்காரர் நெட் ஹெய்க் யோசனைப்படி, மன்றத்துக்குப் பணம் திரட்ட நடத்திய முதல் போட்டியின் இறுதியில் மெல்ரோஸும் பக்கத்து ஊர் அணியான காலாவும் (Gala) சமன். கூடுதல் நேரத்தில் ஒரு டிரை வைத்தவுடன், நேரம் முடிவதற்குள்ளேயே மெல்ரோஸ்காரர்கள் வென்றுவிட்டோம் என்று மைதானத்தை விட்டுக் கிளம்பினார்கள், காலாக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். நூற்று நாற்பது வருடம் கழித்தும் அதே சண்டை.

இந்த இருபது நிமிடம்தான் கடைசியில் இறுதி ஆட்டத்தைத் தின்றது. முதல் பாதி 7க்கு 5, ஓய்வின்போது வடக்கே மின்னல். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, எல்லாரும் கட்டிடத்துக்குள்ளோ பஸ்ஸுக்குள்ளோ போக வேண்டும். ஷாமியானா அடைக்கலம் ஆகாது, இரும்புக் கோல் கம்பத்தின் பக்கமே நிற்கக் கூடாது. கடைசி இடியிலிருந்து அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அரை மணி முடிவதற்குள் திரும்ப இடித்தது, அதற்குள் ஆறரையாகி வெளிச்சமும் போனது. கேப்டன்கள் இருவரும் பெருந்தன்மையானவர்கள். பரிசுத்தொகை 15,000ஐ ஆளுக்குப் பாதி, கோப்பை ஆறாறு மாதம் என்று அவர்களே முடித்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் அப்படிக் கேப்டன்கள் அமைய மாட்டார்கள். இரண்டாம் பாதி தொடங்கியிருந்தால் நின்ற ஸ்கோரே முடிவு, இல்லையென்றால் கூட்டுச் சாம்பியன் என்று ஒரு வரி எழுதி வைக்கலாம்.

பணக் கணக்கில் பெரிய ஓட்டை விளம்பரதாரர். 40,000 தருகிறேன் என்று சொன்னவர் பேனர் அடித்த பிறகு போனை எடுக்கவில்லை. பாதி முன்பணம் வராமல் பேனரில் பெயர் போடாதீர்கள். தெரிந்த கடைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்த 20,000தான் வந்தது, ஒன்பது அணிக் கட்டணம் 27,000. பரிசளிப்பின்போது நிறையப் பேர் கேட்ட கேள்வி, இந்தச் சான்றிதழ் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குச் செல்லுமா என்பது. அங்கீகாரம் பெற்ற சங்கப் போட்டிகளின் படிவமும் நாம் நடத்தும் கோப்பையின் சான்றிதழும் ஒன்றல்ல. இதை நோட்டீஸிலேயே போட்டுவிட்டால் யாரும் அதை நம்பி வந்து ஏமாற மாட்டார்கள்.

மறுநாள் கம்பங்களைப் பிடுங்கி, குழிகளை மூடி, தரையை உருட்டிக் கொடுத்த பிறகுதான் கல்லூரியில் அட்வான்ஸைத் திருப்பினார்கள். கம்பங்களுக்கு ரெட் ஆக்சைடு அடித்து, போல்ட்டுகளுக்குக் கிரீஸ் வைத்துச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். தென்மாவட்டத்தில் யாராவது கோப்பை நடத்தினால் வாடகை இல்லாமல் தருகிறேன். குட்டியானையோடு வர வேண்டாம், 407 லாரி கொண்டு வாருங்கள்.